உப்புக்கு அப்புறம்தான் அமிலம்

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். அமிலம், காரம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மிளகாயும் காரம், சோப்பும் காரம். இரண்டும் ஒன்றா? (காட்பாடி)

இல்லை அம்மா. மிளகாயில் எரிவது காப்சைசின். நாம் பேசும் காரம் ‘சவர்க்காரம்’ என்ற சொல்லுக்குள் இருக்கிறது; விரலில் வழுக்கும். பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். சலூனில் தேய்க்கும் படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்தால் அது அமிலக் கரைசல்!

ஆரத்தித் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால்? (ஆற்காடு)

சிவப்பு போய் மறுபடி மஞ்சளாகும். சுண்ணாம்பு தந்த நிறத்தை எலுமிச்சை பறித்துக்கொள்கிறது.

வலிமையான அமிலமும் அடர் அமிலமும் ஒன்றுதானே ஐயா? (பிளஸ் ஒன் மாணவர், குடியாத்தம்)

தேர்வில் பலர் வழுக்கி விழும் இடம் இது, தம்பி. 0.1 மோலார் (மோலார் என்பது அடர்வின் அலகு) ஹைட்ரோகுளோரிக் அமிலம் அநேகமாக முழுவதும் அயனிகளாக, அதாவது மின்சுமை கொண்ட துகள்களாகப் பிரிகிறது; பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 1. அதே அடர்வுள்ள அசிட்டிக் அமிலத்தில் நூற்றுக்கு ஒன்றரைகூடப் பிரிவதில்லை, பிஎச் 2.9. பிரியும் குணம்தான் வலிமை. தண்ணீரில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது அடர்வு. ஆனால் இரண்டிலும் 10 மில்லி எடுத்து நடுநிலையாக்கினால், செலவாகும் சோடியம் ஹைட்ராக்சைடு ஒரே அளவுதான்.

தோல் பதனிடும் டிரம்மில் அமிலத்துக்கு முன் உப்பு போடுவது ஏன்? மேஸ்திரி காரணம் சொல்வதில்லை. (வாணியம்பாடி)

அமிலம் தோலின் புரதத்தில் ஹைட்ரஜன் அயனிகளை ஏற்றி நேர்மின்சுமை கொடுக்கும். நாருக்கு நார் விலகி நிற்க, தண்ணீர் உள்ளே பாய்ந்து தோல் உப்பிவிடும். வெளியே உப்புக்கரைசல் அடர்த்தியாக இருந்தால் தண்ணீர் உள்ளே போகாது. சேர்ந்த புதிதில் நான் ஒருமுறை அவசரப்பட்டேன். தோல்கள் கண்ணாடிபோல் வீங்கிக் கிடந்தன. அப்புறம் கொட்டிய உப்பு எதையும் காப்பாற்றவில்லை.

கந்தக அமிலத்தைத் தண்ணீரில் சிறிது சிறிதாக ஊற்றி, ஆறவிட்டு டிரம்மில் சேருங்கள். தண்ணீரை அமிலத்தில் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பிறகு தோலின் கழுத்துப் பக்கம் தடித்த இடத்தில் வெட்டி, வெட்டு முகத்தில் புரோமோகிரெசால் கிரீன் (அமிலத்தில் நிறம் மாறும் சாயம்) ஒரு சொட்டு விடுங்கள். முழுக்க மஞ்சள் என்றால் அமிலம் ஊடுருவிவிட்டது. நடுவே நீலக்கோடு தெரிந்தால் டிரம் இன்னும் சுற்றட்டும்.

பிஎச் 5-லிருந்து 3-க்கு இறங்கினால் அமிலத்தன்மை இரண்டு மடங்கா? (ஆம்பூர்)

நூறு மடங்கு. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு.