சோமாலியாவுக்கு ஏன் ஐ.நா. படை போகவில்லை?

கேள்வி: சோமாலியாவில் சண்டை போடுவது ஆப்பிரிக்க ஒன்றியம், பணம் ஐரோப்பா கொடுத்தது, சாப்பாடு ஐ.நா. கொடுக்கிறது என்று படித்தேன். ஐ.நா.வே நேராகப் படை அனுப்பக் கூடாதா? (ஒரு வாசகி, விருதுநகர்)

பதில்: அனுப்பிப் பார்த்தார்கள். 1993 ஜூனில் தலைநகர் மொகதிஷுவில் ஒரே நாளில் ஐ.நா. படையைச் சேர்ந்த 24 பாகிஸ்தான் வீரர்கள் கொல்லப்பட்டார்கள். அக்டோபரில் 18 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள், சில மாதங்களில் அமெரிக்கா படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது, 1995 மார்ச்சில் ஐ.நா.வும் கிளம்பிவிட்டது. சண்டை ஓய்ந்த இடத்தில் காவல் நிற்கத்தான் ஐ.நா. அமைதிப்படை. பின்னால் தலையெடுத்த அல் ஷபாப் என்ற இஸ்லாமியத் தீவிரவாத இயக்கத்தோடு தெருத்தெருவாக மோத அதற்கு ஆள் தர யாரும் தயாராக இல்லை.

அதனால் 2007-இல் பாதுகாப்பு கவுன்சிலின் அனுமதியோடு ஆப்பிரிக்க ஒன்றியம் இறங்கியது. முதலில் போனது உகாண்டா, அப்புறம் புருண்டி, பின்னர் ஜிபூட்டி, கென்யா, எத்தியோப்பியா. 2009-இலிருந்து ரேஷன், டீசல், காயம்பட்டவர்களை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போவது எல்லாம் ஐ.நா. பொறுப்பு. வீரர்களின் மாதப்படி ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வந்தது: தலைக்கு 1,028 டாலர், அதில் 200 டாலரை அவரவர் அரசே பிடித்துக்கொள்ளும்! இத்தனை கை மாறியும் பலன் கிடைத்தது. 2011 ஆகஸ்டில் அல் ஷபாப் மொகதிஷுவை விட்டுப் பின்வாங்கியது, மறு ஆண்டு கிஸ்மாயோ துறைமுகமும் அதன் கையை விட்டுப் போனது.

கேள்வி: அப்படியானால் இதில் என்னதான் குறை? (அதே வாசகி)

பதில்: பணம்தான். ஐ.நா. படை என்றால் உறுப்பு நாடுகள் பங்குத்தொகை கட்டியே ஆக வேண்டும். ஐரோப்பா கொடுத்ததோ நன்கொடை, 2016-இல் அதில் 20 சதவீதத்தைக் குறைத்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில்தான் சோமாலியாவின் எல் அடே முகாமில் ஆப்பிரிக்க ஒன்றியப் படையின் கென்ய வீரர்கள் அல் ஷபாப் தாக்குதலில் கூட்டமாகக் கொல்லப்பட்டிருந்தார்கள். இதைச் சரிசெய்ய 2023 டிசம்பரில் 2719-ஆம் தீர்மானம் வந்தது, பாதுகாப்பு கவுன்சில் சம்மதித்தால் ஆப்பிரிக்க ஒன்றியப் படையின் செலவில் 75 சதவீதம் வரை ஐ.நா. பங்குத்தொகையிலிருந்து தரலாம். ஒரு வருடம் கழித்து சோமாலியாவுக்கான புதிய படை வாக்கெடுப்புக்கு வந்தபோது 14 நாடுகள் ஆதரித்தன, அமெரிக்கா மட்டும் வாக்களிக்கவில்லை. அந்தப் பங்குத்தொகை உறுதியாகாமலேயே 2025 ஜனவரியில் படை தொடங்கிவிட்டது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. ஐ.நா. படையில் இறப்பவர்களுக்கு ஐ.நா. அமைதிப்படையினர் நாளான மே 29-ஐ ஒட்டி நியூயார்க்கில் பதக்கம் அறிவித்து மரியாதை செய்கிறார்கள். எல் அடேயில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கென்ய அரசு அப்போது சொல்லக்கூட இல்லை.