ஸ்கேன்ல சிவப்பு வந்தா எல்லாத்தையும் மூடிடலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணே. சுங்கை சிப்புட்ல ஒரு சின்ன கம்பெனியில வேலை செய்றேன். செம்பனைத் தோட்டங்களுக்குச் சம்பளக் கணக்கு, மில்லுக்குப் போற லோரிகளோட எடைக் கணக்கு ரெண்டும் நாங்கதான் பாக்குறோம், எல்லாம் குபர்னெட்டீஸ்ல (புரோகிராம்களைக் கண்டெய்னர்ங்கிற பொட்டலமா சர்வர்கள்ல ஓட்டுற சிஸ்டம்) ஓடுது. வாராவாரம் குபஸ்கேப் (குபர்னெட்டீஸ் செட்டிங் தப்பைத் தேட), ட்ரிவி (லைப்ரரிகள்ல பாதுகாப்பு ஓட்டையைத் தேட) ரெண்டுலயும் ஸ்கேன் போடுறேன், ரிப்போர்ட் பூரா சிவப்பு. பாதி எங்களால சரிபண்ண முடியாதது. "ரிஸ்க் அக்செப்டட்னு போட்டு மூடிடு, ஆடிட்டுக்கு கிளீனா இருக்கணும்"ங்கிறார் பாஸ். எதை மூடலாம், எப்படி மூடணும்?

பதில்: மூடலாம் தம்பி, தப்பில்ல. ஆனா மொத்தமா மூடக்கூடாது. ஒவ்வொண்ணா, எதுக்காக, யார் ஒத்துக்கிட்டாங்க, எந்தத் தேதி வரைக்கும்னு எழுதி வச்சுட்டு மூடணும்.

முதல்ல ரெண்டு ரகத்தைப் பிரிச்சுக்குங்க. இமேஜ்ல, அதாவது கண்டெய்னர் பொட்டலத்துல, ஒரு லைப்ரரி இருக்கு, அதுல ஓட்டையும் இருக்கு, ஆனா ஓட்டை உள்ள அந்தப் பகுதியை உங்க புரோகிராம் கூப்பிடவே இல்லன்னா அது உங்களுக்குப் பொருந்தாத ஓட்டை, அதுக்கு வெக்ஸ்னு ஒரு ஃபைல் முறை இருக்கு, "பாதிப்பில்லை"ன்னு காரணத்தோட பதிஞ்சா ட்ரிவி அதைப் படிச்சுக்கும். ஓட்டை நமக்குப் பொருந்தும், ஆனா தெரிஞ்சே கொஞ்ச நாள் பொறுத்துக்கறோம்ங்கிறது வேற ரகம், இதுக்குத்தான் ரிஸ்க் அக்செப்டட்னு பேரு. ரெண்டையும் ஒரே லிஸ்ட்ல போட்டுக் குழப்பிட்டா ஆறு மாசம் கழிச்சு எது எந்த ரகம்னு யாராலயும் சொல்ல முடியாது.

இப்ப குபஸ்கேப். உங்க மானிட்டரிங் நேம்ஸ்பேஸ்ல (குபர்னெட்டீஸுக்குள்ள பிரிச்சு வச்ச ஒரு பகுதி) நோட் எக்ஸ்போர்ட்டர்ங்கிற கண்காணிப்பு புரோகிராம் ஓடுதுன்னு வைங்க. சர்வரோட சிபியு, மெமரி கணக்கு எடுக்கணும்னா அது ஹோஸ்ட் ஃபோல்டர்களை, அதாவது சர்வரோட சொந்த ஃபோல்டர்களை, பாத்தே ஆகணும், அதனால சி-0048, அதான் அந்த ஹோஸ்ட்பாத் மவுண்ட் செக், எப்பவும் ஃபெயில்தான். எக்செப்ஷன் ஃபைல்ல நேம்ஸ்பேஸ், கைண்ட் டீமன்செட் (ஒவ்வொரு சர்வர்லயும் ஒண்ணு ஓட்டுற வகை), அதோட பேரு, கண்ட்ரோல் ஐடி (சி-0048 மாதிரி செக்கோட நம்பர்) நாலையும் எழுதுங்க, ஆக்‌ஷன் அலர்ட்ஒன்லி, அதாவது எச்சரிக்கை மட்டும். நேம்ஸ்பேஸை மட்டும் எழுதிட்டு விட்டுடறவங்கதான் அதிகம், அப்படி விட்டா நாளைக்கு அதே நேம்ஸ்பேஸ்ல யாராவது புதுசா ஒரு பாட் (கண்டெய்னர் ஓடுற யூனிட்) ஏத்தி சர்வரோட ரூட் ஃபோல்டரையே மவுண்ட் பண்ணாலும் ஸ்கேன் உங்களைத் தடுக்காது. கண்ட்ரோல் ஐடி போடாம ஃபிரேம்வொர்க் (பல செக் சேர்ந்த தொகுப்பு) பேரை மட்டும் போட்டீங்கன்னா இன்னும் மோசம், அதுல உள்ள அத்தனை செக்குக்கும் விலக்கு குடுத்த மாதிரி ஆயிடும். லயத்துல ஒரு வீட்டுப் பூட்டு கெட்டுப்போச்சுன்னு மொத்த லயத்தையும் பூட்டாம விட்டா எப்படி?

ட்ரிவியில வேலை சுலபம். ட்ரிவிஇக்னோர் ஃபைல்ல சிவிஈ நம்பர் (ஒவ்வொரு ஓட்டைக்கும் குடுக்கற அடையாள நம்பர்) பக்கத்துலயே காலாவதித் தேதி போடலாம், அந்தத் தேதி தாண்டினா சிவப்பு தானா திரும்பி வந்துரும். யாம்ல் ஃபைலா எழுதினா காரணத்தையும் அங்கயே எழுதலாம், எந்த ஃபைல் பாதைக்கு மட்டும்னும் குறுக்கலாம், என்ன, ரன் பண்ணும்போது இக்னோர்ஃபைல் ஆப்ஷன்ல அந்தப் பேரைக் குடுக்கணும். தேதியில்லாத வரி ஒண்ணுகூட இருக்கக்கூடாதுங்கிறது என் கருத்து. பெரிய ஓட்டைன்னா மூணு மாசத்துக்கு மேல தராதீங்க. இக்னோர்-அன்ஃபிக்ஸ்ட் ஆப்ஷனை நிரந்தரமா போட்டு வைக்காதீங்க, ஃபிக்ஸ் வராததெல்லாம் கண்ணுலயே படாது, பேட்ச் இல்லாத ஓட்டை எங்க இருக்குன்னு தெரியாம எதைச் சுத்தி வேலி போடுவீங்க?

ஃபைல் ரெண்டையும் கிட்ல (ஃபைல் மாற்றங்களைப் பதிவு வைக்கிற சிஸ்டம்) வைங்க, வேற ஒருத்தர் பார்த்து சம்மதிக்காம மாற்றம் எதுவும் மெர்ஜ் ஆகக்கூடாது. சம்மதம் சொல்றவர் கோட் எழுதுறவரா இருக்கக்கூடாது, அந்த டேட்டாவுக்குப் பொறுப்பானவரா இருக்கணும், உங்க இடத்துல அது பாஸ்தான். அவர்கிட்ட தயங்காம சொல்லுங்க, நம்ம கையில இருக்கிறது தோட்டத்து ஆளுங்களோட ஐசி நம்பர், வெளிநாட்டுத் தொழிலாளிங்க பாஸ்போர்ட் நம்பர், பேங்க் கணக்கு. 2025 ஜூன் 1-லேருந்து மலேசியாவோட தனிநபர் தரவுச் சட்டப்படி பெரிய அளவுல டேட்டா கசிஞ்சா 72 மணி நேரத்துக்குள்ள ஆணையருக்குத் தெரிவிக்கணும். அன்னைக்கு "இந்த ஓட்டையை யார் ஒத்துக்கிட்டது"ன்னு கேள்வி வந்தா பதில் எழுத்துல இருக்கணும்.

ஆடிட்டருக்கு கிளீன் ரிப்போர்ட் மட்டும் காட்டாதீங்க. ட்ரிவியில ஷோ-சப்ரஸ்ட் போட்டா மூடி வச்சதும் சேர்ந்தே வரும், அதையே குடுங்க. காரணமும் தேதியும் போட்ட பத்து எக்செப்ஷனைப் பாத்து நல்ல ஆடிட்டர் கோவிக்க மாட்டார், ஒண்ணுமே இல்லாத ரிப்போர்ட்டைப் பாத்தாத்தான் சந்தேகப்படுவார்.

மூடவே கூடாததும் இருக்கு. அமெரிக்க அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பர்லேருந்து கேஈவின்னு ஒரு லிஸ்ட் வெளியிடுது, நிஜமாவே தாக்குதலுக்குப் பயன்பட்ட ஓட்டைகள் மட்டும்தான் அதுல ஏறும், அந்த வருஷம் டிசம்பர்ல உலகத்தையே உலுக்குன லாக்4ஷெல்ங்கிற ஓட்டையும் அதுல இருக்கு. வாரம் ஒரு தடவை உங்க எக்செப்ஷன் லிஸ்ட்டை அதோட ஒப்பிட்டுப் பாருங்க. நீங்க மூடி வச்ச நம்பர் அதுல ஏறியிருந்தா, கையெழுத்து யாரோடதா இருந்தாலும் அந்த வரியை எடுத்துட்டு அன்னைக்கே பேட்ச் பண்ணுங்க, பேட்ச் இல்லன்னா அந்த சர்வீசை வெளிய இருந்து எட்ட முடியாதபடி நிறுத்தி வைங்க.