நண்பர்களோடு ப்ரூவரி, டிஸ்டில்லரி, ட்ரெக்கிங் என்று காரில் நான்கு நாள் போக எப்படித் திட்டமிடுவது?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது: ஐந்து நண்பர்கள், ஒரு கார், நான்கு நாள். வழியில் பீர் காய்ச்சும் ப்ரூவரி இரண்டு, விஸ்கி வடிக்கும் டிஸ்டில்லரி ஒன்று. நடுவில் ஒரு மலையேற்றம், ஒரு கயாக் சவாரி. எதை எந்த நாளில் வைப்பது, யார் ஓட்டுவது?

இடங்களின் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இந்த மாதிரிப் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் மறுநாள் காலை எட்டு மணிதான். ராத்திரி குடித்துவிட்டு, தூங்கி எழுந்து, குளித்து, "தெளிஞ்சிடுச்சு" என்று சாவியைக் கையில் எடுக்கிற அந்த எட்டு மணி. திட்டத்தை அங்கிருந்து பின்னோக்கிப் போடுவதுதான் சரியான வழி.

கணக்கு எளிது. குடித்த மில்லிலிட்டரை பாட்டிலில் போட்டிருக்கும் ஆல்கஹால் சதவீதத்தோடு பெருக்கினால் தூய ஆல்கஹாலின் அளவு வரும், அதை 0.79ஆல் பெருக்கினால் கிராம். 5% பீர் 330 மி.லி. என்றால் 16.5 மி.லி., அதாவது 13 கிராம். உடம்பு ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 7 முதல் 8 கிராம் வரைதான் கழிக்கும். ஆளுக்கு ஆள் இது மாறும். ஆனால் காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல், வாந்தி எதுவும் இதை வேகப்படுத்தாது. காபி தூக்கத்தை விரட்டும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் பயணத்தில் வைத்துப் பாருங்கள். ப்ரூவரியில் நான்கு சின்னக் கிளாஸ், தலா 120 மி.லி., 6%: மொத்தம் 23 கிராம், கழிய மூன்று மணி நேரம். டிஸ்டில்லரியில் ஐந்து சாம்பிள், தலா 20 மி.லி., 46% விஸ்கி: 36 கிராம், ஐந்து மணி நேரம். அதே ஐந்து சாம்பிளும் தண்ணீர் கலக்காமல் பீப்பாயிலிருந்து நேராக எடுத்த 58% சரக்கு என்றால் 46 கிராம், ஆறு மணி நேரத்துக்கு மேல். கிளாஸைப் பார்த்தால் அடியில் ஒரு விரல்கடை அளவுதான் இருக்கும். அதுதான் ஏமாற்றும்.

தங்குமிடத்தில் மாலை 7 மணிக்கு உட்கார்ந்து 6% பீர் அரை லிட்டர் டின் ஐந்து குடித்தவரை எடுத்துக்கொள்வோம். 118 கிராம். மணிக்கு 7.5 கிராம் என்று வைத்தால் முழுதாகக் கழிய மறுநாள் காலை ஏறத்தாழ 11 மணி ஆகும். காலை 8 மணிக்கு அவர் உடம்பில் 20 கிராம் மீதி இருக்கும். 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு அது 100 மி.லி. ரத்தத்தில் சுமார் 40 மி.கி. இந்தியாவில் சட்ட வரம்பு 30 மி.கி.; அங்கே அவர் அகப்படுவார். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் வரம்பு 50, இங்கிலாந்தில் 80. சில நாடுகளில் பூஜ்யம். வேறு பல நாடுகளில் புது லைசென்ஸ்காரர்களுக்கு மட்டும் பூஜ்யம் அல்லது அதற்கு அருகில். எண் எதுவானாலும் வரம்பை ஒட்டி ஓட்டலாம் என்று திட்டமிடாதீர்கள். பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் இதே அளவு இன்னும் கூடுதலாகக் காட்டும். ஊதிப் பார்க்கும் கருவி கையில் வைத்திருந்தால், "ஓட்டாதே" என்று அது சொல்வதை மட்டும் நம்புங்கள். "ஓட்டலாம்" என்று காட்டினால் மேலே போட்ட கணக்கையே நம்புங்கள். மலிவான கருவிகளின் சென்சார் சில மாதங்களிலேயே தடம் மாறிவிடும்.

ஆகவே முதல் வேலை, ஒவ்வொரு நாளுக்கும் டிரைவர் யார் என்று புக்கிங் செய்யும்போதே பெயர் எழுதிவிடுவது. "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றால், குறைவாகக் குடித்தவர் யார் என்று கடைசியில் பஞ்சாயத்து நடக்கும். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டும்போது விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடலாம். அதனால் குறைந்தது மூன்று பெயர்களை முதல் நாளே சேர்த்துவிடுங்கள். அன்றைய டிரைவர் டேஸ்டிங் செலவிலும் பெட்ரோல் செலவிலும் பங்கு தர வேண்டியதில்லை என்று வைத்தால் ஆள் தானாகக் கிடைப்பார். செலவுக்கு ஒரு பொதுப் பணம், ஒருவர் கையில். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

டிரைவர் வெறும் வாயோடு திரும்ப வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தின் டிஸ்டில்லரிகள் பலவற்றில் 'டிரைவர்ஸ் டிராம்' என்று அவருடைய பங்கைச் சின்னக் குப்பியில் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். மற்ற இடங்களில் கேட்டுப் பாருங்கள். அனுமதித்தால், நன்றாக மூடக்கூடிய 30 மி.லி. கண்ணாடிக் குப்பிகள் ஆறு கையில் இருந்தால் போதும். உடனே லேபிள் ஒட்டிவிடுங்கள். ஐந்து குப்பியும் ஒரே தேன் நிறத்தில் இருக்கும், ராத்திரி எது எதுவென்று யாருக்கும் தெரியாது. வாயில் வைத்துத் துப்புவது இன்னொரு வழி. அப்போதும் கொஞ்சம் உள்ளே போகும், தவிர வாயில் தங்கும் ஆவியால் ஊதும் கருவி உடனே எகிறிக் காட்டும். 15 நிமிடமாவது கழிய வேண்டும். வரம்பு பூஜ்யமாக உள்ள நாட்டில் டிரைவர் மோந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. விஸ்கியில் பாதிக்கு மேல் மூக்குக்குத்தான் வேலை என்பதால் அது ஒன்றும் பெரிய நஷ்டமில்லை.

இனி நாள்களை அடுக்கலாம். முதல் நாள் நீண்ட ஓட்டம், மாலையில் முதல் ப்ரூவரி. தங்குமிடம் ப்ரூவரியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும். ப்ரூவரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு அறை தேடுங்கள், தலைகீழாக வேண்டாம். அன்றைக்கு நான்கு சின்னக் கிளாஸோடு நிறுத்தினால் இரண்டாம் நாள் காலை மலையேற்றத்துக்குக் கால் ஒத்துழைக்கும். இரண்டாம் நாள் மாலை டிஸ்டில்லரி இருக்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்து சீக்கிரம் படுங்கள். மூன்றாம் நாள் காலை கயாக், பிற்பகல் டிஸ்டில்லரி, ராத்திரி எவ்வளவு வேண்டுமானாலும் கூத்து. நான்காம் நாள் மதியத்துக்கு மேல்தான் வண்டி கிளம்பும். இரண்டாவது ப்ரூவரியில் பாட்டில் வாங்குவது மட்டும். நான்காம் நாள் ஓட்டுபவர் மூன்றாம் நாள் ராத்திரிக் கூத்தில் பார்வையாளர்தான். இதற்கு ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அங்கேயே இன்னொரு ராத்திரி தங்குங்கள், அல்லது மூன்றாம் நாளை அடக்கி வாசியுங்கள்.

ஏன் எப்போதும் உடல் வேலை முதலில், கிளாஸ் பிறகு? ஆல்கஹால் தோலுக்கு அருகிலுள்ள ரத்தக் குழாய்களை விரிக்கும். உடம்பு கதகதவென்று தோன்றும், உண்மையில் உள்ளிருக்கும் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். குளிர்ந்த ஆற்றில் விழுந்தவருக்கு இது நேரடி ஆபத்து. சமநிலை, தூரத்தைக் கணிப்பது, ஆபத்தை எடைபோடுவது மூன்றும் போதை என்று நீங்கள் உணர்வதற்கு முன்பே குறைந்துவிடும். வாயில் வாடை வந்தால் படகுக்காரர் உங்களை ஆற்றில் இறக்கவே மாட்டார். கட்டிய பணமும் திரும்பாது. லைஃப் ஜாக்கெட்டை மாட்டியபின் தோள் பட்டைகளை யாராவது மேலே இழுத்துப் பாருங்கள். அது காதுவரை ஏறினால் பெரிய சைஸ் அல்லது பக்கவாட்டுப் பட்டை தளர்ந்திருக்கிறது. 2,500 மீட்டருக்கு மேல் போகிற பயணம் என்றால் முதல் இரண்டு ராத்திரி சரக்கே வேண்டாம். மூச்சு, தூக்கம் இரண்டையும் அது கெடுக்கும். உயரத்தால் வரும் தலைவலியையும் ஹேங்ஓவரையும் பிரித்துப் பார்க்கவே முடியாது.

மலையேற்ற நேரத்துக்கு 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் உதவும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 12 கி.மீ., 600 மீட்டர் ஏற்றம் என்றால் கிட்டத்தட்ட மூன்றரை மணி. அது நிற்காமல் நடக்கிறவர் கணக்கு. ஐந்து பேர், போட்டோ, ஓய்வு, முந்தின மாலைச் சோம்பல் எல்லாம் சேர்த்து ஐந்து மணி வையுங்கள். தண்ணீர் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர். வெயிலில் அதற்கும் மேல். உச்சியை அடைந்தாலும் அடையாவிட்டாலும் திரும்பவேண்டிய நேரம் ஒன்றைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்று அந்த நேரத்தை முடிவு செய்தால் யாரும் திரும்ப மாட்டார்கள்.

ப்ரூவரியை வார நாளில் பார்ப்பது மேல். சனி ஞாயிறு பல இடங்களில் காய்ச்சுவது கிடையாது, பளபளக்கும் ஸ்டீல் டாங்கிகளை மட்டும் பார்த்துவிட்டு வரவேண்டியிருக்கும். காய்ச்சும் நாளில், அரைத்த மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்திருப்பார்கள். இடமே கஞ்சி மணக்கும். அந்தச் சூடு கீழ்ப்பக்கம் இருந்தால் பீர் வறண்டு, மேல்பக்கம் போனால் வாய் நிறைந்து கனமாக வரும். "இதை எத்தனை டிகிரியில் ஊறவைத்தீர்கள்?" என்று கேளுங்கள், ப்ரூவர் உங்களை உடனே வேறு கண்ணோடு பார்ப்பார். பிறகு கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைப் போட்டு 60 முதல் 90 நிமிடம் கொதி. புளிப்பது ஏல் வகை பீருக்கு 18 முதல் 22 டிகிரியில், லாகர் வகை பீருக்கு 8 முதல் 13 டிகிரியில். மூடிய ஷூ கட்டாயம்; தரை எப்போதும் ஈரம், கழுவும் காரக் கரைசல் கிடக்கலாம். புளிக்கும் தொட்டிக்குள் தலையை நீட்டாதீர்கள். மேலே நிற்பது கார்பன் டை ஆக்ஸைடு, ஒரே மூச்சில் ஆளைச் சாய்க்கும்.

டிஸ்டில்லரிக்கு முன்பதிவு இல்லாமல் ஐந்து பேர் போய் நிற்காதீர்கள். ஒரு சுற்றுக்குக் குறைந்த ஆட்களைத்தான் உள்ளே விடுவார்கள். உற்பத்தி நடக்கிறதா என்று அப்போதே கேளுங்கள். ஆண்டுக்குச் சில வாரங்கள் பராமரிப்புக்காக நிறுத்துவார்கள், ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் கோடையில். டூர் நடக்கும், செம்புக் கலன்கள் ஆறிக் கிடக்கும். ஓடும் நாளில் பார்க்க வேண்டியது வடிகிற சரக்கைப் பிரிக்கும் கண்ணாடிப் பெட்டி. 7 முதல் 9% வரை இருக்கும் புளித்த கஷாயம் முதல் கலனில் 20 முதல் 25% ஆகும். இரண்டாம் கலனில் தலைச்சரக்கையும் கடைச்சரக்கையும் ஒதுக்கி நடுப்பகுதியை மட்டும் பீப்பாய்க்கு அனுப்புவார்கள். கலன் அறையில் போனை அணைக்கச் சொன்னால் முணுமுணுக்காதீர்கள். 40% சரக்கே 26 டிகிரி வாக்கில் தீப்பிடிக்கிற ஆவியை விடும், கலனிலிருந்து வருவது அதைவிட வலுவானது.

சுவைக்கும் வரிசை: லேசானதிலிருந்து கனமானதுக்கு, கசப்பும் புகைவாசமும் கடைசியில். புகைவாச விஸ்கியை முதலில் குடித்தால் அடுத்த நான்கும் அதே வாசம்தான். கிளாஸை மூக்கிலிருந்து சற்றே தள்ளி, வாயை லேசாகத் திறந்து மோந்தால் ஆல்கஹாலின் எரிவு குறையும். சில துளி தண்ணீர் விட்டு மறுபடி மோந்து பாருங்கள்.

வண்டி. ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் டயர் காற்று வழக்கமான அளவில் போதாது. டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் முழுச்சுமைக்குத் தனி எண் இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவுக்கு அடியுங்கள். ஸ்டெப்னியிலும் காற்றைப் பாருங்கள், அது டிக்கியின் அடியில், எல்லா பாட்டிலுக்கும் கீழே இருக்கும் என்பதையும் நினைவில் வைத்து அடுக்குங்கள். சொந்தக் கயாக் என்றால் கூரையின் எடை வரம்பு கார் கையேட்டில் இருக்கும். கேரியரின் எடையும் அதில் அடக்கம். முன், பின் முனைகளையும் கட்டுங்கள். பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் உறுமாது. 20 கி.மீ. ஓடியதும் நிறுத்தி இறுக்கம் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 15 நிமிட ஓய்வு.

வாங்கிய பாட்டில்களை டிக்கியில் வையுங்கள். திறந்த பாட்டில் இருக்கைப் பகுதியில் இருப்பதே பல இடங்களில் குற்றம். எல்லை தாண்டுவதாக இருந்தால் ஆளுக்கு எத்தனை லிட்டர் என்பதை வாங்கும் முன் பாருங்கள். விமானத்தில் திரும்புகிறவர் 24 முதல் 70% வரையான சரக்கை, சீல் உடைக்காத கடைப் பாட்டிலில், செக்-இன் பெட்டியில் 5 லிட்டர் வரை கொண்டுபோகலாம். 70%க்கு மேல் அனுமதியே இல்லை. விஸ்கியை நிமிர்த்தி வையுங்கள், படுக்கவைத்தால் கார்க்கைச் சரக்கு அரித்துவிடும். பீருக்கு எதிரி வெயிலும் சூடும். பச்சை பாட்டிலோ நிறமில்லாத பாட்டிலோ வெயிலில் சில நிமிடம் நின்றாலே ஹாப்ஸ் கெட்டு ஒரு நாற்றம் வரும். பழுப்புப் பாட்டில் தாங்கும், டின் இன்னும் நல்லது. ப்ரூவரிக் குழாயிலிருந்து பெரிய ஜாடியில் பிடித்த பீர் ஐஸ் பெட்டிக்குப் போகட்டும். ஒரு வாரத்துக்குள் திறக்க வேண்டும், திறந்தால் மறுநாளுக்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் கேஸ் போய் அட்டை வாசம் வந்துவிடும்.