ஆறு வருட வீட்டு வரி பாக்கிக்கு வீட்டை ஜப்தி செய்வார்களா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் தாத்தா வீட்டுக்கு ஆறு வருடமாக வீட்டு வரி கட்டவில்லை. நகராட்சியில் வீட்டை ஜப்தி செய்துவிடுவார்களா? அப்படியே விட்டால் என்ன ஆகும்?

ஜப்தி என்ற சொல்லைக் கேட்டு வீடே போய்விடும் என்று பயப்பட வேண்டாம். அதற்கு வெகு முன்பே தண்ணீர்க் குழாயைத் தேடி வருவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், அதனால் சொல்கிறேன்.

எங்கள் வீடு தருமபுரியில், குமாரசாமிப்பேட்டையில் இருக்கிறது. அப்பா இருந்தவரை வீட்டு வரி என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அரையாண்டு பிறந்ததும் போய்க் கட்டிவிட்டு, ரசீதை ஒரு மஞ்சப்பையில் போட்டு பீரோ மேலே வைத்துவிடுவார். 2020 ஆகஸ்டில் அவர் காலமானார். அம்மாவை நான் ஓசூருக்கு அழைத்து வந்துவிட்டேன், அண்ணன் பெங்களூரில் இருக்கிறான், வீட்டை வாடகைக்கு விட்டோம். வாடகையைப் பாதிப்பாதி பிரித்துக்கொள்வதில் இருவருமே கறாராக இருந்தோம். வரியை அண்ணன் கட்டியிருப்பான் என்று நான் நினைத்தேன், அவனும் என்னைப் பற்றி அப்படியே நினைத்திருக்கிறான்.

2024 பிப்ரவரியில் குடியிருப்பவர் போன் செய்தார். "அண்ணா, முனிசிபாலிட்டியில இருந்து பில் கலெக்டரும் பைப் ஃபிட்டரும் வந்தாங்க. ஏழு அரையாண்டு பாக்கியாம். பத்து நாள்ல கட்டலைன்னா கனெக்‌ஷனை எடுத்துடுவோம்னு சொல்லிட்டுப் போறாங்க. சின்னப் பசங்களை வச்சிருக்கேன், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணா."

ஃபிட்டரையும் கூட்டிக்கொண்டு வந்ததுதான் விஷயம். பில் கலெக்டர் மட்டும் வந்திருந்தால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று நாங்களும் விட்டிருப்போம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தண்ணீரை நிறுத்துவது என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் காவி பூத்து, முழங்கால் வளைந்த பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டப்பட்டு 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. குழாய் போனால் போர் தண்ணீரைக் குடிக்க வேண்டும், இல்லையென்றால் கேன் தண்ணீர் வாங்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர் ஒரு வாரம் பொறுப்பார், அடுத்த வாரம் வேறு வீடு பார்க்கத் தொடங்கிவிடுவார். இது நகராட்சிக்கும் நன்றாகத் தெரியும்.

சட்டத்தில் இருக்கும் வழி வேறு. அது நீளமானது. முதலில் கேட்பு, அதாவது இந்த அரையாண்டுக்கு இவ்வளவு என்று பில். கட்டாவிட்டால் நோட்டீஸ். அதற்கும் அசையாவிட்டால் ஆணையர் வாரண்ட் போட்டு அசையும் பொருள்களை ஜப்தி செய்து ஏலம் விடலாம். வழக்கும் போடலாம். ஜப்தி என்று சட்டம் முதலில் சொல்வது டிவி, பைக் மாதிரிப் பொருள்களைத்தான். 1920ஆம் ஆண்டின் பழைய மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் எதையெல்லாம் எடுக்கக் கூடாது என்ற பட்டியல்கூட இருந்தது. உடுத்தும் துணி, படுக்கை, சமையல் பாத்திரம், கைவினைஞரின் கருவிகள் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்றது. சூரியன் உதித்த பிறகு வர வேண்டும், அது மறைவதற்குள் முடிக்க வேண்டும் என்றும் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கு இவ்வளவு இரக்கமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இப்போது நடப்பில் இருப்பது தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998. பெயரில்தான் 1998, விதிகளோடு நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில். வரி கேட்கும் சட்டமே இருபத்தைந்து வருடம் பாக்கி.

நான் பார்த்தவரை ஒரு சாதாரண வீட்டுக்காக இந்த வழியில் யாரும் கடைசிவரை போவதில்லை. இரண்டாயிரம் ரூபாய் பாக்கிக்கு டிவியைத் தூக்கிப் போய், கிடங்கில் வைத்து, ஏலம் விட்டு வசூலிக்கும் செலவு யாருக்குக் கட்டும்? அதனால் கைவசம் இருக்கும் எளிய வழிகளைத்தான் எடுக்கிறார்கள். குழாய் ஒன்று. ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்வது இன்னொன்று. பல ஊர்களில் பெரிய பாக்கிக்காரர்களின் பெயரையும் தொகையையும் பிளக்ஸில் அடித்துப் பொது இடத்தில் கட்டியிருக்கிறார்கள். சென்னை மாநகராட்சி பட்டியலை இணையதளத்திலேயே போட்டது. கடை, மண்டபம் என்றால் சீல் வைப்பதுவரை போகும். பிளக்ஸில் பெயர் போடுவது எனக்குப் பிடிக்காத முறை. வேலை போய் முடியாமல் விட்டவனும், முடிந்தும் கட்டாதவனும் ஒரே பேனரில் நிற்கிறார்கள். ஆனால் பலன் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. நம் ஊரில் மானத்துக்குப் பயப்படும் அளவுக்கு யாரும் மாஜிஸ்திரேட்டுக்குப் பயப்படுவதில்லை.

இவையெல்லாம் ஏன் பிப்ரவரி, மார்ச்சில் மட்டும் சூடுபிடிக்கின்றன? மார்ச் 31 அன்று கணக்கு முடிகிறது. கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று ஒரு பட்டியல், அலுவலகத்தில் டிசிபி என்பார்கள், மேலிடத்துக்குப் போயாக வேண்டும். ஒவ்வொரு பில் கலெக்டரின் வார்டுக்கும் சதவீதம் பார்க்கிறார்கள். அதனால் அந்த இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகூட கவுண்டர் திறந்திருப்பதைப் பார்க்கலாம். இதற்கும் மேலே இன்னொரு நெருக்கடி உண்டு. மத்திய அரசின் 15ஆவது நிதிக் குழு, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான மானியத்தைப் பெற சொத்து வரி விஷயத்தில் இரண்டு நிபந்தனை வைத்தது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், பிறகு மாநிலப் பொருளாதாரம் வளரும் வேகத்துக்கு ஈடாக வசூலும் ஏற வேண்டும். உங்கள் தாத்தா வீட்டுப் பாக்கி, டெல்லியிலிருந்து வர வேண்டிய பணத்தையும் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலில் வரியை ஏற்றியபோது அரசு சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

அந்த ஏற்றத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உங்கள் ஆறு வருடத்துக்குள் அது வருகிறது. நகராட்சிகளில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. எங்கள் வீடு 900 சதுர அடி. அரையாண்டுக்கு 1,180 ரூபாயாக இருந்தது 1,770 ஆனது. ஆக, மூன்று அரையாண்டு பழைய கணக்கில் 3,540, நான்கு அரையாண்டு புதுக் கணக்கில் 7,080, மொத்தம் 10,620. இதோடு தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் தனிவட்டி, அப்புறம் குடிநீர்க் கட்டணப் பாக்கி. 2024இல் இன்னொரு 6 சதவீதம் ஏறியது. பழைய வரியை வருடத்தால் பெருக்கி உங்கள் பாக்கியைக் கணக்குப் போடாதீர்கள், கவுண்டரில் அதிர்ச்சி ஆவீர்கள்.

அண்ணனிடம் சொன்னேன். "பொறுடா, பெங்களூர்ல ஒன் டைம் செட்டில்மென்ட் வருது. வட்டியெல்லாம் தள்ளுபடியாம். இங்கயும் வரும்" என்றான். அந்த ஆண்டு பெங்களூரு மாநகராட்சியில் வட்டியைத் தள்ளுபடி செய்தது உண்மைதான். ஆனால் அது கர்நாடகம். அத்திப்பள்ளி செக்போஸ்டைத் தாண்டி இந்தப் பக்கம் அந்தச் சலுகை வரவில்லை. நம் ஊரில் இருக்கும் சலுகை நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள், அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, உச்சவரம்பு 5,000 ரூபாய். அப்பா அரையாண்டு பிறந்ததுமே ஓடியது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை பஸ் ஏறி தருமபுரி போனேன். அந்த மஞ்சப்பையையும் எடுத்துப் போனேன். பழைய ரசீதில் இருந்த வரிவிதிப்பு எண்ணைச் சொன்னதும் கம்ப்யூட்டரில் எல்லாம் வந்துவிட்டது. கையில் முழுத்தொகை இல்லை என்று தயங்கியபடி சொன்னேன். இருப்பதைக் கட்டுங்கள், பழைய அரையாண்டிலிருந்து கழித்துக்கொண்டு வருவோம், மார்ச்சுக்குள் மீதியைக் கட்டிவிடுங்கள் என்றார்கள். கட்டிய ரசீதைக் காட்டியதும் குழாய் விஷயம் அதோடு நின்றது. குடியிருப்பவர் அந்த மாத வாடகையை முன்கூட்டியே அனுப்பி உதவினார், அதையும் சேர்த்து மார்ச்சில் மீதியை ஆன்லைனில் முடித்தேன். அலுவலகத்தில் யாரும் என்னைத் திருடன் மாதிரி நடத்தவில்லை. தவறு முழுக்க எங்களுடையது.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்களுக்கு முக்கியமானது. சொத்து வரி பாக்கி தாத்தாவின் பெயரில் இருப்பதாகத் தெரியும், உண்மையில் அது வீட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நிலவரிக்கு அடுத்தபடியாக அந்தச் சொத்தின் மீதான முதல் பற்று இது, அதாவது மற்ற கடன்களுக்கு முன்பு அந்தச் சொத்திலிருந்து தீர்க்க வேண்டிய பாக்கி. தாத்தா காலமானாலும், நீங்கள் விற்றாலும், பாக்கி வீட்டோடு போகும். வாங்குகிறவர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாலும் இது அதில் தெரியாது. அதனால்தான் விவரமானவர்கள் கடைசி வரி ரசீதைக் காட்டு என்கிறார்கள். விற்ற மூன்று மாதத்துக்குள் நகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் பழைய சட்டத்தில் இருந்தது. தெரிவிக்காமல் விட்டால், விற்றவர் தலையிலும் பொறுப்பு தொடரும்.

அதேபோல, நகராட்சி உங்களைத் தேடி வராவிட்டாலும் ஒருநாள் நீங்களே தேடிப் போவீர்கள். வாரிசு பெயருக்கு வரியை மாற்ற வேண்டுமானால் பாக்கி இருக்கக் கூடாது. மாடி கட்ட அனுமதி கேட்டாலும் அப்படித்தான். வங்கிக் கடனுக்கும் ரசீது கேட்பார்கள். 2022 பிப்ரவரியில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது இதில் ஒரு வேடிக்கை உண்டு. நகராட்சிக்குப் பாக்கி வைத்தவர் கவுன்சிலருக்கு நிற்க முடியாது. வேட்புமனு வாங்கிய கையோடு பல வருடப் பாக்கியைக் கட்டிய பெரிய மனிதர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். நாங்களும் பாக்கி தீர்ந்த பிறகுதான் இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் வைத்து அம்மா பெயருக்கு மாற்றினோம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அந்த வீடு நகராட்சி எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஊரோடு ஒட்டியிருக்கும் சில தெருக்கள் ஊராட்சியில் இருக்கும். எங்கள் சித்தி இலக்கியம்பட்டியில் இருந்தபோது வரியை ஊராட்சியில்தான் கட்டினார், கணக்கே வேறு. நகராட்சிதான் என்றால், பழைய ரசீது ஒன்றைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் கதவு எண்ணும் தாத்தா பெயரும் போதும், அந்த வார்டு பில் கலெக்டர் கண்டுபிடித்துக் கொடுப்பார். 2018இல் வரியை ஏற்றிவிட்டு 2019 நவம்பரில் அந்த ஏற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள். அந்த இடைவெளியில் தாத்தா கூடுதலாகக் கட்டியிருந்தால் அது கழிக்கப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். சின்னத் தொகைதான், கேட்பதில் தவறில்லை.

வீடு பூட்டியே கிடந்தது, அதற்கு ஏன் வரி என்று கவுண்டரில் சண்டை போட வேண்டாம். காலியாகக் கிடந்ததைக் காட்டிச் சலுகை பெற, அந்தந்த அரையாண்டிலேயே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் பழைய சட்டம். ஆறு வருடம் கழித்துச் சொன்னால் எடுபடாது.

போவதென்றால் மார்ச் கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள், வரிசை வாசல் தாண்டி நிற்கும். சாதாரண மாதத்தில் ஒரு புதன், வியாழன் காலையில் பத்தரை மணிக்குப் போனால், உட்காரவைத்து ஒவ்வொரு அரையாண்டாக விளக்கிச் சொல்ல அவர்களுக்கும் நேரம் இருக்கும்.