டிக்கியில் பேட்டரி, திணறும் ஸ்டார்ட்டர்

பேட்டரியை டிக்கிக்கு மாற்றிய பிறகு ஸ்டார்ட்டர் (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) திணறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் எர்த்தை, அதாவது பேட்டரி நெகட்டிவை வண்டியின் பாடியோடு சேர்க்கும் இணைப்பைப் பாருங்கள். பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தும் ஸ்டார்ட்டர் திணறுகிறது என்றால், டிக்கியில் நீங்கள் முடுக்கிய எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருக்க வாய்ப்பு அதிகம். தகரம் பளபளவென்று தெரியும்வரை சுரண்டிவிட்டு முடுக்குங்கள். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதுவும் தடிமனாக இருக்க வேண்டும்.

சோதிக்க: மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை இன்ஜின் பிளாக்கில். ஒருவர் சாவியைத் திருப்பட்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில்தான். குறைவாக இருந்தால் பாசிட்டிவ் கேபிளை ஸ்டார்ட்டர் முனைவரை இதேபோல் பாருங்கள்.

அப்புறம், பாசிட்டிவ் கேபிளில் ஃபியூஸ் பற்றி நீங்கள் எழுதவே இல்லையே? பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். முன்பக்கம் போட்டால், நடுவில் கேபிள் தேய்ந்து பாடியைத் தொடும்போது அது காப்பாற்றாது, தீப்பிடிக்கும். அதைப் போடாமல் வண்டியை எடுக்காதீர்கள்.