வீட்டுத் தோட்டம் கேள்வி பதில்: செரி என்று மூன்று மரங்கள்

கேள்வி: கனடாவிலிருந்து வந்திருந்த என் தமையனார், அங்கு தின்ற செரிப்பழங்களின் கொட்டைகள் பத்துப் பன்னிரண்டைத் தந்துவிட்டுச் சென்றார். அவற்றை வளவில் ஊன்றலாமா? நாற்றுமேடையில் செரி என்று சொல்லி விற்ற கன்றொன்றும் எங்களிடம் நிற்கிறது. மூன்று மாரி கண்டுவிட்டது. இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டுகிறதே தவிரக் காய்ப்பதில்லை.
வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: நீங்கள் கேட்டிருப்பது ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மரங்களைப் பற்றி. தமையனார் தந்த கொட்டைகள் குளிர்நாட்டுச் செரிக்கு உரியவை. அவற்றை ஈரமணலில் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் மூன்று மாதமளவு வைத்து எடுத்தால் முளைக்கவும் கூடும். ஆனால் முளைத்த கன்று இங்கே பழம் தரும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த மரம் இலையுதிர்த்து உறங்கி, பெரும்பாலான இனங்களில் 700 முதல் 1,200 மணித்தியாலம் வரை 7 பாகை செல்சியசுக்குக் குறைவான குளிரைப் பெற்ற பின்னரே ஒழுங்காக அரும்பு விடும். தை மாத விடியலில் நாம் போர்வையைத் தேடும்போதும் வன்னியின் வெப்பநிலை 20 பாகையை ஒட்டித்தான் நிற்கிறது. மரத்துக்கு அது குளிரே அல்ல. மேலும், இலங்கையின் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருப்பதால், வெளிநாட்டு விதைகளை அனுமதியின்றிக் கொண்டுவரக் கூடாது என்பதை அடுத்த முறை அவரிடம் சொல்லிவையுங்கள். வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால், கொட்டையை உடைத்துப் பருப்பைத் தின்ன விடாதீர்கள், அதில் நஞ்சுண்டு.

வளவில் நிற்பது, பூவின் நிறத்தைக் கொண்டு பார்த்தால், பார்படோஸ் செரி. ஓரம் சுருங்கிய ஐந்து இதழ்களும் எதிரெதிராக அமைந்த இலைகளும் இருக்கின்றனவா என்று பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பழம் கிடைத்த பின் ஐயமே இராது: குளிர்நாட்டுச் செரியில் ஒரே கொட்டை, இதில் மூன்று விதைகள். வெப்பநாட்டு மரமாகையால் நம்மூருக்கு இதையே நான் பரிந்துரைப்பேன்.

பூத்தும் காய்க்காமைக்கு முதலில் தண்ணீரைத்தான் ஐயுறுவேன். வறட்சியில் வாடி நிற்கும் இந்த மரம், ஒரு மழை பெய்தாலோ நாம் இறைத்தாலோ சட்டென்று பூக்கும். அடுத்த வாரம் நிலம் மீண்டும் காய்ந்தால் அத்தனையையும் உதிர்த்துவிடும். பூவிலிருந்து பழம் வரை மூன்று, நான்கு வாரங்களே ஆகும் என்பதால், அந்த நாட்களில் மட்டுமாவது இறைப்புத் தவறக் கூடாது. அடிமரத்தில் வாளியைக் கவிழ்ப்பதில் பயன் குறைவு. கிளைகளின் நுனி நிழல் விழும் இடத்தில் வட்டமாகப் பாத்தி கட்டி ஊற்றுங்கள். சோளகக் காற்று மண்ணை உலர்த்தும் மாதங்களில் வைக்கோலையோ கிளிசறியாத் தழையையோ பரப்பி வையுங்கள். ஆனால் அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாக இருக்கட்டும். தழை மரத்தில் முட்டிக் கிடந்தால் கறையானுக்கு நாமே பாதை போட்டுக் கொடுத்தது போலாகும்.

இரண்டாவது காரணம் மகரந்தச் சேர்க்கை. இம்மரத்தின் தாயகமான வெப்பமண்டல அமெரிக்காவில், பூவின் அடியிலுள்ள எண்ணெயைச் சேகரிக்க வரும் ஒருவகைத் தேனீக்களே இந்த வேலையைச் செய்கின்றன, அவை இங்கில்லை. வேறொரு தாய்மரத்தின் கன்றை அருகில் நட்டால் காய்ப்புக் கூடும். உங்கள் மரத்திலேயே போட்ட பதியம் இதற்கு உதவாது, அது அதே மரந்தான். இலை மட்டும் செழித்திருந்தால் யூரியாவை நிறுத்திவிட்டு மக்கிய மாட்டெரு இடுங்கள்.

கேள்வி: எங்கள் செரியில் இளம் இலைகள் மஞ்சளாகின்றன, நரம்புகள் மட்டும் பச்சையாக உள்ளன. கிணற்று நீர் காய்ச்சும் கேத்தலில் வெள்ளைப் படிவும் விழுகிறது.
வாசகர், கிளிநொச்சி

பதில்: கேத்தலைப் பற்றி எழுதியது நல்லதாயிற்று. சுண்ணாம்பு மிகுந்த நீரை ஆண்டுக்கணக்கில் இறைத்தால் மண்ணின் காரத்தன்மை கூடி, மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாமற் போகும். கூட்டெருவைத் தாராளமாக இட்டு, மாரியில் கூரைநீரைச் சேர்த்து வைத்து இம்மரத்துக்கு ஊற்றிப் பாருங்கள். வேரையும் ஓரிடத்தில் மெல்லக் கிண்டிப் பார்ப்பது நல்லது. மணிமணியாக முடிச்சுகள் இருந்தால் அது வேரைத் தாக்கும் நுண்புழுவான வட்டப்புழுவின் வேலை. கத்தரி, தக்காளி, வெண்டி நின்ற தறையில் நடும் கன்றுகளுக்கு அந்த ஆபத்து அதிகம். வயலோரக் களிமண்ணாயின், மாரி வெள்ளம் வேரில் தேங்காதபடி மேடு கட்டியே புதுக் கன்றை நட வேண்டும்.

கேள்வி: ஜாம் மரத்தையும் செரி என்கிறார்கள். கிணற்றடியில் வைக்கலாமா?
வாசகி, மாங்குளம்

பதில்: நிழலுக்கு அதைப் போல விரைவாக வளரும் மரம் குறைவு, பிள்ளைகளும் அதன் கீழேயே கிடப்பார்கள். ஆயினும் கிணற்றடிக்கு வேண்டாம். இரவில் வௌவால்கள் பழத்துக்கு வரும், பழமும் எச்சமும் கிணற்றுக்குள் விழும். கிளைகளும் எளிதில் முறிபவை. வேலியோரம், வீட்டுக் கூரைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள்.