சைக்கிள் கம்பியில் ஒரு கொக்கி: வாத்தியப் பழுது குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: கோயில் விசேஷங்களுக்கும் கல்யாணங்களுக்கும் கிளாரினெட் வாசிக்கிறேன். துளைகளை மூடித் திறக்கும் கீகளுக்கு அடியில் உள்ள ஊசி ஸ்பிரிங்குகள் வருஷத்துக்கு இரண்டு மூன்றாவது ஒடிந்துவிடுகின்றன. ஒவ்வொரு முறையும் மதுரைக்கு எடுத்துச் செல்ல இயலவில்லை. இதற்கான கருவிகளை வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: தாராளமாகச் செய்துகொள்ளலாம். ஸ்பிரிங் அடிக்கடி ஒடிவதற்குக் காரணம் உங்கள் கை அல்ல, கடற்காற்று. நீலமேற்றிய எஃகினால் ஆன அந்த ஊசிகள், கீயைத் தாங்கும் சிறு தூணுக்குள் நுழையும் இடத்தில்தான் ஈரம் தங்குகிறது. பாக் விரிகுடாவிலிருந்து வாடை வீசும் மாதங்களில் உப்பும் அங்கேயே படிந்து, துருவேறி, வாசித்துக்கொண்டிருக்கும்போதே பட்டென்று ஒடிகிறது.

முதலில் செய்ய வேண்டியது ஸ்பிரிங் கொக்கி. பழைய சைக்கிள் சக்கரத்தின் கம்பி ஒன்று போதும். ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனமுள்ள அதில் 15 சென்டிமீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையின் நடுவில் முக்கோண அரத்தால் சிறு பள்ளம் ராவினால், அது ஸ்பிரிங்கைத் தள்ளப் பயன்படும். மறு முனையைச் சிவக்கக் காய்ச்சி, தட்டி மெலிதாக்கி, குரோஷா ஊசியின் வாயைப் போல வளைத்தால், அது இழுக்கப் பயன்படும். பிடிப்பதற்கு நடுப்பகுதியில் வலை நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். இரு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்தபின் உங்கள் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். நகத்தில் கீறல் விழுந்தால் வாத்தியத்தின் மரத்திலும் விழும் என்று பொருள். மறுபடி தேய்க்க வேண்டும்.

ஒடிந்த துண்டைத் தூணிலிருந்து எடுப்பதுதான் கடினமான வேலை. ஸ்பிரிங்கின் தடித்த முனை சப்பையாகத் தட்டப்பட்டு ஆப்புப் போல இறுகியிருக்குமாதலால், அது எந்தப் பக்கமிருந்து நுழைந்ததோ அந்தப் பக்கமாகவே அதை வெளியே தள்ள வேண்டும். தொழில் பழகிய நாளில் நான் திசை பாராமல் எதிர்ப்பக்கம் தட்டி, தூணையே சாய்த்துவிட்டேன். அதை நிமிர்த்த ஒரு முழு நாள் ஆயிற்று. கனமான தையல் ஊசியின் கூரை ஒடித்து, முனையைச் சாணைக்கல்லில் தட்டையாக்கி, கருவேலங்கட்டையில் பிடி போட்டுக்கொண்டால், தள்ளுவதற்கு அதைவிட நல்ல கருவி தேவையில்லை.

புது ஸ்பிரிங்கையும் தையல் ஊசியிலேயே செய்யலாம். காதுப் பகுதியை வெட்டி நீக்கி, மேற்பூச்சைத் தேய்த்து எடுங்கள். தடித்த முனையை மட்டும் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, தட்டிச் சப்பையாக்குங்கள். மீதியைக் குறட்டால் கவ்வியிருந்தால் சூடு அதற்குள் அதிகம் ஏறாது. பிறகு ஒரு பித்தளைத் தகட்டின் மேல் ஊசியைக் கிடத்தி, தகட்டின் அடியில் தீயைக் காட்டுங்கள். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா என்று நிறம் மாறி நீலம் வந்த கணமே எடுத்துவிட வேண்டும். முன்னதாக எடுத்தால் வளைக்கும்போது ஒடியும். சாம்பல் நிறம் வரும்வரை விட்டால் இளகி, வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகில் செய்த ஸ்பிரிங் கிடைக்குமானால், உங்கள் ஊருக்கு அதுவே பொருத்தம் என்பேன். எதைப் போட்டாலும், தூணின் வாயில் தையல் மெஷின் எண்ணெயை ஊசிமுனையால் ஒரு பொட்டு வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது தூசியைப் பிடித்துப் பிசுபிசுக்கும்.

கேள்வி: எந்தக் கீயின் பேடில் (துளையை அடைக்கும் மெத்தையில்) காற்றுக் கசிகிறது என்று கண்டுபிடிக்கக் கருவி உண்டா?
– வாசகர், மண்டபம்

பதில்: சிகரெட் சுற்றும் தாளை 5 மில்லிமீட்டர் அகலத்தில் கீறி, தென்னை ஈர்க்கின் நுனியில் ஒட்டுங்கள். அதைப் பேடுக்கும் துளையின் விளிம்புக்கும் இடையே வைத்து, கீயை இலேசாக மூடி, மெல்ல உருவுங்கள். சுற்றிலும் நாலு இடத்தில் இப்படிப் பார்த்தால், தாள் வழுக்கிக்கொண்டு வரும் இடமே கசியும் இடம்.

கேள்வி: என் நாகஸ்வரத்தின் கெண்டை, அதாவது சீவாளியைப் பொருத்தும் உலோகக் குழல், நசுங்கிவிட்டது. வாயில் வைத்து ஊதும் சீவாளி நேராக உட்காரவில்லை. குறட்டால் சரிசெய்யலாமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: குறடு வேண்டவே வேண்டாம், வெளியிலிருந்து நெருக்கினால் வட்டம் மீளாது, இன்னொரு மூலை உண்டாகும். உள்ளிருந்து தாங்க வேண்டும். ஒரு பித்தளைக் கம்பியைக் கெண்டையின் உட்சரிவுக்கு ஒத்தவாறு சிறுகச் சிறுக ராவி, உப்புத்தாளால் வழுவழுப்பாக்குங்கள். அதைக் கெண்டைக்குள் செருகி, நசுங்கிய இடத்தை வழுவழுப்பான கட்டையால் அழுத்தி உருட்டுங்கள். கம்பியை உள்ளே அடித்து இறுக்கினால் கெண்டை கிழிந்துவிடும். கையால் திருகி நுழைக்கும் அளவோடு நிறுத்துங்கள்.

கேள்வி: நாகஸ்வரத்தின் ஒரு துளையில் சுரம் சற்று இறங்கி ஒலிக்கிறது. துளையை அகலப்படுத்த ஒரு கருவி செய்ய வழி சொல்லுங்கள்.
– வாசகர், தொண்டி

பதில்: இதற்கு மட்டும் வழி சொல்ல மாட்டேன். ராவி எடுத்த ஆச்சா மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அந்த முடிவை வாத்தியத்தைக் கடைந்த ஆசாரியிடம் விடுங்கள். சீவாளியையும் கெண்டையையும் மாற்றி வாசித்துப் பாருங்கள். துளையின் ஓரத்தில் பழைய மெழுகு தேவைக்கு மேல் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதை எடுப்பதற்கு வேண்டுமானால் ஒரு கருவி செய்யலாம். மூங்கில் சிம்பின் நுனியைக் காது குறும்பி எடுக்கும் கரண்டியைப் போலச் செதுக்கிக்கொள்ளுங்கள். மெழுகு அதில் வந்துவிடும், மரம் வராது.